அடிமனையும் கூரையும்

கரோல் பாகிலிருந்து பஞ்ச்குயியான் சாலை வழியாகக் கன்னாட் பிளேஸுக்குப் போகிற தமிழர்கள், அந்தச் சாலை முடிகிற இடத்துக்கு அருகே நிற்கும் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியைத் தினந்தோறும் பார்த்துக்கொண்டேதான் போகிறார்கள். ஆனால் பெண்களுக்கென்றே 1916-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தக் கல்லூரிக்குள், பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்யப்போய்த் தாமும் உயிர் துறந்த ஒரு டாக்டரின் இளம் விதவையாக வந்து சேர்ந்து, 1936-இல் வைத்தியப் பட்டத்தோடு வெளியேறிய ஒரு தமிழ்ப் பெண்மணியின் பரிவு, பிற்காலத்தில் நாகப்பட்டினம் பக்கத்துச் சேற்று வயல்களிலே ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் சொந்த மண்ணில் காலூன்றுவதற்கு ஒரு காரணமாயிற்று என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தப் பெண்மணி, மதுரை டி. வி. சுந்தரம் அய்யங்காரின் புதல்வியான டாக்டர் சௌந்தரம் அம்மையார். சக மாணவியான சுசீலா நய்யாரின் சிநேகத்தால் காந்தியடிகளின் வட்டத்துக்குள் வந்து, ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டு, 1947-இல் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை ஸ்தாபித்த அவர், மதுரை ஜில்லாவின் ஏழைப் பெண் ஒருத்தியைத் தம் ஆதரவில் வைத்துப் படிக்க வைத்தார். அந்தப் பெண்ணே, 2020-ஆம் ஆண்டுக் குடியரசு தினத்தையொட்டிப் பத்ம பூஷண் விருதுக்கு உரியவராக அறிவிக்கப்பட்ட கிருஷ்ணம்மாள் ஜகந்நாதன்.

விருதுகள் அவருக்குப் புதியவை அல்ல. 1988-இல் ஜம்னாலால் பஜாஜ் விருது, அதற்கடுத்த ஆண்டில் பத்மஸ்ரீ, 2008-இல் தம் கணவரோடு சேர்ந்து ஸ்வீடன் நாட்டின் ‘சரியான வாழ்வு’ விருது என்று கௌரவங்கள் அவரைத் தேடி வந்தவண்ணம் இருந்திருக்கின்றன. ஆயினும் ஒருவருக்கு மாலை சூட்டிவிட்டு, அவர் செய்த காரியம் இன்னதென்று விசாரிக்காமல் கலைந்துபோகிற வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டபடியால், கிருஷ்ணம்மாள் என்ற பெயரைக் கேட்டதும் ‘காந்தியவாதி, சமூக சேவகி’ என்ற பொதுவான வார்த்தைகளோடு நாம் திருப்தியடைந்து விடுகிறோம். அவர் கண்டறிந்து கையாண்ட முறை ஒன்று உண்டு. ஏழைக்கு வீடு கட்டித் தருவதைப் பற்றிப் பேசுகிற சர்க்கார்களும் ஸ்தாபனங்களும் பெரும்பாலும் கூரையிலிருந்து தொடங்கிக் கீழே வரப் பார்க்கையில், அவர் மண்ணிலிருந்து, அதிலும் அந்த மண்ணின் பத்திரத்தில் எழுதப்படும் பெயரிலிருந்து தொடங்கினார். அந்த முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வத்தலக்குண்டுப் பக்கத்து அய்யன்கோட்டையில் 1926-ஆம் ஆண்டு ஜூன் மாதம், நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றிலே கிருஷ்ணம்மாள் பிறந்தார். தகப்பனார் ராமசாமி, தாயார் நாகம்மாள். வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டும் வயலில் இறங்கி வேலை செய்தே தீரவேண்டியிருந்த தாயின் நிலைமையைச் சிறு பிராயத்திலேயே கண்ணாரக் கண்டதுதான் சமூக அநீதியைப் பற்றித் தமக்குக் கிடைத்த முதற் பாடம் என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அக்காலத்தில் அத்தகைய குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்துகொள்வதே அபூர்வம்; அவரோ சௌந்தரம் அம்மையாரின் அரவணைப்பில் படித்துக் கல்லூரிப் பட்டமும் பெற்றார். தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண்களில் பட்டதாரியானவர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது.

அவருடைய கணவர் சங்கரலிங்கம் ஜகந்நாதனின் கதை இதற்கு நேர்மாறானது. ராமநாதபுரம் ஜில்லாவில் 1914-இல் செல்வக் குடும்பத்தில் பிறந்த அவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வாசித்துக்கொண்டிருந்தபோது, 1930-இல் காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுப் படிப்பை உதறிவிட்டு வெளியே வந்தார். பின்னர் 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறை சென்றார். சுதந்திரம் பெற்ற நாட்டில்தான் விவாகம் என்ற உறுதியோடு காத்திருந்த இருவரும் 1950-இல் மணம் செய்துகொண்டார்கள். ஒருவர் கல்லூரியைத் துறந்தார். மற்றவர் கல்லூரியை எட்டிப் பிடித்தார். இவ்விரண்டில் எது பெரிய தியாகம் என்று தர்க்கம் செய்வது வீண். ஆனால் எல்லாம் பெற்றுப் பிறந்தவன் படிப்பை விடுவதில் உள்ள மேன்மையைப் போற்றுகிற நாம், எதுவுமே இல்லாமல் பிறந்தவள் படிப்பைப் பெற்றுக்கொண்டு, அதைக் கொண்டு உத்தியோகமும் சம்பாத்தியமும் தேடிச் சௌக்கியமாக வாழச் சகல நியாயமும் இருந்தும், திரும்பவும் தான் கிளம்பி வந்த அதே சேற்றுக்குள் இறங்கியதன் மேன்மையைப் போதிய அளவு போற்றவில்லை என்பது என் அபிப்பிராயம். ஜகந்நாதன் விட்டுக்கொடுத்தது, வேண்டுமென்றால் மறுபடியும் பெறக்கூடியது. கிருஷ்ணம்மாளுக்கு அந்தப் பட்டம் ஒன்றே ஆஸ்தி.

வினோபா பாவே 1951 ஏப்ரலில் தெலுங்கானாவின் போச்சம்பள்ளியில் பூமிதான இயக்கத்தைத் தொடங்கினார். ஜகந்நாதன் வடநாட்டுக்குச் சென்று வினோபாவோடு நடந்து திரும்பினார். அதற்குள் கிருஷ்ணம்மாள் சென்னையில் ஆசிரியப் பயிற்சியை முடித்திருந்தார். பிறகு இருவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கால்நடையாக அலைந்து நிலதானம் கேட்டார்கள். தேசம் முழுவதிலும் ஏறத்தாழ 40 லட்சம் ஏக்கர் தானமாக அறிவிக்கப்பட்டதென்பது உண்மையே. ஆனால் அவ்வாறு வந்ததில் கணிசமான பகுதி கல்லும் கரடுமாகவோ, வழக்கில் சிக்கியதாகவோ இருந்தது. நஞ்சை விளையும் காவிரிப் பாசனப் பகுதியிலோ மிராசுதார்களின் மனம் அவ்வளவு சுலபமாக இளகவில்லை. தானம் என்பது கொடுப்பவனின் சித்தத்தைப் பொறுத்தது; வாங்குபவனுக்கு அதிலே உரிமை ஏதுமில்லை. இந்தப் பாடத்தைக் கிருஷ்ணம்மாள் நன்கு மனத்தில் வாங்கிக்கொண்டார் என்பதை அவருடைய பிற்காலக் காரியங்கள் காட்டுகின்றன.

1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் சேரி தாக்கப்பட்டது. தப்பிக்க வழியின்றி ராமையா என்பவரின் சிறு குடிசைக்குள் புகுந்துகொண்ட பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர், அந்தக் குடிசையோடு சேர்த்து எரிக்கப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட நிலச்சுவான்தார்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973-இல் விடுதலை செய்தது. இந்தச் செய்தியைக் கேட்டுக் கொதித்தவர்கள் பலர். கவிதையும் கதையும் எழுதியவர்கள் உண்டு. கட்சிகள் நினைவுத்தூண் எழுப்பின. கிருஷ்ணம்மாளும் ஜகந்நாதனுமோ தங்கள் வாசத்தையே அந்தப் பிரதேசத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். வலிவலத்தில் கோயில் பெயராலும் அறக்கட்டளைகள் பெயராலும் சிலர் கைக்குள்ளேயே சுழன்றுகொண்டிருந்த நிலங்களை உழுபவர்களுக்குத் திருப்புவதற்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. 1961-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வகுத்து, 1970-இல் அதை 15-ஆகக் குறைத்திருந்தும், பினாமிப் பெயர்களிலும் தர்ம ஸ்தாபனங்களின் பெயர்களிலும் நிலம் ஒளிந்துகொண்டது என்பதைச் சர்க்காரே அறியும்.

குடிசை என்பது என்ன என்பதைக் கரோல் பாகின் மூன்று மாடிக் கட்டடங்களில் குடியிருக்கும் நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். கீழத்தஞ்சைச் சேரியிலே முழங்கால் உயரத்துக்கோ இடுப்பு உயரத்துக்கோ மண்சுவர் எழுப்பி, மூங்கில் வளையைக் கட்டி, தென்னங்கீற்றால் வேய்ந்திருப்பார்கள். கூரையின் விளிம்பு தாழ இறங்கியிருக்கிறபடியால் உள்ளே நுழைய ஒருவர் முதுகை வளைத்தே ஆகவேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாய்க்கால் நிரம்பி வயலும் வாசலும் ஒன்றாகிவிட, தரை ஊறிக் கால்பட்ட இடமெல்லாம் பள்ளமாகும். அடுப்பை இரண்டு கல் உயர்த்தி வைத்து ஈர விறகை ஊதிக்கொண்டிருக்கும் தாய்க்குப் பின்னால், ரேஷன் அரிசியும் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களும் ஒரே துணி மூட்டையாக வளையிலிருந்து தொங்கும். பாம்பு வந்தால் கீற்றுக்குள் வந்தது தெரியாது. கோடையிலோ ஒரு நெருப்புப் பொறி போதும். இவ்வளவு துன்பத்தையும் கொடுக்கிற அந்தக் குடிசை மலிவானதா என்றால், அதுவும் இல்லை. கீற்று ஓரிரு வருஷத்தில் மக்கிப்போகிறது, மறுபடி வேய வேண்டும், மறுபடி கடன் வாங்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் கீற்றுக்கும் மூங்கிலுக்கும் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்தால், ஏழைதான் வீட்டுக்கு மிக அதிகமாகச் செலவு செய்தவன் என்பது தெரியவரும்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றுண்டு. குடிசை நின்ற இடம் குடியிருப்பவனுடையதல்ல. பண்ணையில் வேலை செய்கிறவரை மிராசுதாரின் மனையில் இருக்கலாம். கூலி அதிகம் கேட்டாலோ, வேறொருவர் வயலுக்குப் போனாலோ, குடிசையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான். ஆகவே அந்த அடிமனை, உழைப்பாளியைப் பண்ணையோடு பிணைத்த கயிறாகவே இருந்தது. இதை உணர்ந்துதான் தமிழக சர்க்கார் 1961-இல் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றப்படாமல் காக்கும் சட்டம் ஒன்றையும், 1971-இல் குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டத்தையும் இயற்றியது. தமிழ்நாட்டின் நற்சட்டங்களில் ஒன்றென இதைச் சொல்லத் தயங்கமாட்டேன். ஆனாலும் கோயில் நிலத்திலும் புறம்போக்கிலும் வாழ்ந்த குடும்பங்களின் பிரச்சினை தீர்ந்தபாடில்லை. இன்றைக்கும் பட்டா இல்லாத மனைக்குச் சர்க்காரின் தொகுப்பு வீடு கிடைப்பதில்லை. வீடில்லாதவன் என்று நிரூபிக்கிற ஏழை, நிலமுள்ளவன் என்றும் நிரூபித்தாலன்றி வீடு பெற முடியாத விசித்திர நிலையில் நிற்கிறான்.

1981-இல் கிருஷ்ணம்மாளும் ஜகந்நாதனும் ‘லாஃப்டி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் உழுபவரின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். கூத்தூரில் உள்ள வினோபா ஆசிரமம் அதன் இருப்பிடமாயிற்று. அதன் வேலைமுறை, பூமிதானத்தினின்றும் மாறுபட்டது. போராட்டக் கட்சிகளின் முறையினின்றும் மாறுபட்டது. நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணத்தோடு போய்விட விரும்பும் நிலவுடைமையாளரையும், அதே நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை செய்துவந்த குடும்பங்களையும் ஒரே பாயில் உட்கார வைத்துப் பேசி, நியாயமான விலையை முடிவு செய்வார்கள். பாங்கியில் கடன் பெற்று நிலத்தை வாங்குவார்கள். வாங்கிய நிலம் குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் பகிர்ந்து கொடுக்கப்படும். சேர்ந்து பயிரிட்டு, விளைச்சலிலிருந்து கடனை அடைப்பார்கள்.

எழுதுகையில் சுலபமாக இருக்கும் இக்காரியத்தில் எத்தனை முட்டுக்கட்டைகள்! பிணையாக வைக்க ஒரு குந்துமணி நகையும் இல்லாத கூலிப் பெண்களுக்குக் கடன் கொடுக்கப் பாங்கிகள் முதலில் முன்வரவில்லை. ஏழை வாங்கும் ஓர் ஏக்கருக்கும், செல்வன் வாங்கும் நூறு ஏக்கருக்கும் முத்திரைக் கட்டண விகிதம் ஒன்றாகவே இருந்தது. பத்திரப் பதிவுச் செலவே பெரும் பாரமாயிற்று. கிருஷ்ணம்மாள் கலெக்டர் கச்சேரிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் பாங்கி மானேஜர்களிடமும் சலியாமல் நடந்தார். அந்நாளில் அவர் பெற்ற கல்லூரிக் கல்வி எதற்குப் பயன்பட்டது என்று கேட்டால், இதற்குத்தான் பயன்பட்டது என்று சொல்லலாம்: மனு எழுத, சட்டத்தின் ஷரத்தைப் படித்துக் காட்ட, அதிகாரியின் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேச. இவ்விதமாக ஏறத்தாழ 13,000 குடும்பங்கள் நிலம் பெற்றன. ஜகந்நாதன் ஊர் ஊராகச் சத்தியாக்கிரகங்களை வழிநடத்தினார்; கிருஷ்ணம்மாள் சேரியிலே தங்கிப் பெண்களைத் திரட்டினார்.

அந்நிலங்கள் பெண்களின் பெயரிலேயே பதிவாயின என்பதுதான் இதில் என்னை மிகவும் கவர்ந்த அம்சம். புருஷன் பெயரில் இருந்தால் ஒரு கல்யாணச் செலவுக்கோ, சாராயக் கடைக் கடனுக்கோ நிலம் ஒரே கைநாட்டில் பறந்துபோகும்; மனைவியின் பெயரில் இருந்தால் அவள் குழந்தைகளின் வயிற்றை நினைத்துப் பார்த்தபிறகுதான் கையெழுத்திடுவாள் என்ற அநுபவ ஞானம் இதிலே அடங்கியிருக்கிறது. அவசரநிலைக்கு முன்னும் பின்னும் ஜெயப்பிரகாஷ் நாராயணனின் இயக்கத்துக்காக இத்தம்பதிகள் பீகாரில் உழைத்தவர்கள். அதே பீகாரில், போத்கயா மடத்தின் வசமிருந்த ஏராளமான நிலங்களுக்காக எழுந்த போராட்டத்தில், பட்டாவைத் தங்கள் பெயரிலேயே தரவேண்டும் என்று உழைக்கும் பெண்கள் வாதாடி, எண்பதுகளின் தொடக்கத்தில் அதைப் பெற்றும் காட்டினார்கள். நாளடைவில் சர்க்காரும் இந்த வழிக்கு வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் வாங்க உதவும் தாட்கோவின் திட்டம் பெண்களுக்கே முதலிடம் தருகிறது; 1985-இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்தின் வீடுகளும் மனைவியின் பெயரிலோ, கணவன் மனைவி இருவர் பெயரிலுமோ ஒதுக்கப்பட்டன.

நிலம் கைக்கு வந்த பிறகே வீட்டின் பேச்சு எழுந்தது. மண்சுவரையும் கீற்றையும் அகற்றிச் செங்கல் வீடு கட்டித் தரவேண்டும் என்பதில் கிருஷ்ணம்மாள் காட்டிய பிடிவாதத்துக்குக் கீழ்வெண்மணியின் நினைவு ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று கருதுகிறேன். ஆனால் வீட்டைத் தானமாகக் கொண்டுபோய்க் கொடுக்க அவர் விரும்பவில்லை. அறுவடை முடிந்து வயலில் வேலையற்றிருக்கும் மாதங்களைக் கட்டட வேலைக்குப் பயன்படுத்துவது என்று வகுத்துக்கொண்டார். டெல்டாவின் களிமண் செங்கல்லுக்கு ஏற்றது. பள்ளம் வெட்டி, மண்ணைத் தண்ணீர் விட்டு ஊறப்போட்டு, பெண்கள் வரிசையாக நின்று காலால் மிதித்துக் குழைப்பார்கள். பின்பு அதை மர அச்சில் அறைந்து, மேலே வழிந்ததை வழித்தெறிந்து, மணல் தூவிய தரையில் கவிழ்ப்பார்கள். நிழலிலும் வெயிலிலுமாகக் காய்ந்த கல்லைக் காளவாயாக அடுக்கி, விறகும் உமியும் இட்டு, சந்துகளை மண்ணால் பூசி மூட்டம் போட்டால், நெருப்பு உள்ளுக்குள்ளேயே நாட்கணக்கில் நின்று எரியும். ஆறிய பிறகு எடுத்து, இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஓசை வரவேண்டும். மந்தமாகச் சத்தம் வந்தால் அது வேகாத கல், அடித்தளத்துக்கு உதவாது. பிள்ளைகளுக்குக் கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்பிக்க ஆசிரமம் ஏற்பாடு செய்தது. அதனால் வீடு கட்டுவதற்கான கூலி வெளியூருக்குப் போகாமல் அந்த ஊரிலேயே தங்கியதோடு, வீடு முடிந்தபின் அந்த இளைஞர்களுக்கு ஒரு தொழிலும் மிஞ்சியது. பாய் முடைதல், தையல் முதலியவையும் இவ்வாறே கற்பிக்கப்பட்டன.

‘சரியான வாழ்வு’ விருதைப் பற்றி ஒரு விஷயத்தை இவ்விடத்தில் சொல்வது பொருந்தும். அவ்விருது முதன்முதலாக வழங்கப்பட்ட 1980-ஆம் ஆண்டில் அதைப் பெற்றவர்களில் ஒருவர், எகிப்து தேசத்தின் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி. சிமெண்டும் இரும்பும் வாங்க வழியில்லாத எகிப்தியக் குடியானவனுக்கு, அவனுடைய காலடி மண்ணாலேயே அழகும் குளிர்ச்சியும் பொருந்திய வீடு கட்டலாம் என்று காட்டிய மேதை அவர். நைல் நதிக்கரையில் லக்ஸர் நகருக்கு எதிரே புது குர்னா என்னும் கிராமத்தை 1940-களில் அவர் நிர்மாணித்தார். வளைவுகளும் குவிமாடங்களுமாக அது இன்றும் உலகம் போற்றும் படைப்பு. எனினும், பழைய கல்லறைகளின் மேல் வாழ்ந்துகொண்டிருந்த குர்னா மக்கள் அங்கே குடியேற மறுத்துவிட்டார்கள். அவர்களைப் பழைய இடத்திலிருந்து அகற்றுவதென்று சர்க்கார் தீர்மானித்தபோது அவர்களுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. ஃபாத்தியின் கலைக்கு இதனால் மாசு எதுவுமில்லை. ஆயினும் அவருடைய கிராமத்தையும் கூத்தூர்ப் பக்கத்துச் சாதாரணச் செங்கல் வீடுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, அழகில் முன்னது எவ்வளவோ உயர்ந்திருந்தும், குடியிருப்பவள் தானே மிதித்த மண்ணால், தன் பெயருள்ள மனையில், தான் சம்மதித்த இடத்தில் எழுந்த பின்னதுதான் ஏழைகளின் வீட்டுப் பிரச்சினைக்கு விடை சொல்கிறது என்ற முடிவுக்கே நான் வருகிறேன்.

பெற்ற நிலத்துக்கு ஆபத்தும் வந்தது. தொண்ணூறுகளில் கடலோரமெங்கும் இறால் பண்ணைகள் பெருகி, உப்புநீர் வயல்களிலும் குடிநீர்க் கிணறுகளிலும் கசியத் தொடங்கிற்று. ஜகந்நாதன் உச்சநீதிமன்றத்துக்கு வழக்குக் கொண்டுபோனார். கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் உள்ள அத்தகைய பண்ணைகளை அகற்ற வேண்டுமென்று 1996 டிசம்பர் 11-ஆம் தேதி இந்த டில்லி மாநகரில்தான் தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பு சுற்றுச்சூழல் சட்டம் பயில்வோர் இன்றும் படிக்கிற தீர்ப்பு. 2004-இல் சுனாமி, 2018-இல் கஜா புயல் என்று நாகப்பட்டினம் ஜில்லா அடுத்தடுத்துப் பெற்ற அடிகளில் முதலில் விழுந்தவை கீற்றுக் குடிசைகளே. ஜகந்நாதன் 2013 பிப்ரவரியில் காலமானார். அதன்பிறகும் கிருஷ்ணம்மாள் வீடுகளைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவில்லை.

இப்போது கரோல் பாகுக்கு வருவோம். இந்தப் பேட்டையே வீடிழந்தவர்களால் உருவானது. புதுடில்லியை நிர்மாணிப்பதற்காகப் பழைய கிராமங்களிலிருந்து அகற்றப்பட்டவர்கள் இங்கே மனை பெற்றார்கள். ரேகர்புராவின் குறுகிய சந்துகளில் தோல் தொழிலாளர்கள் குடியமர்ந்தார்கள். ஹக்கீம் அஜ்மல் கானின் திப்பியா கல்லூரியைக் காந்தியடிகள் 1921-இல் திறந்து வைத்தது இந்தக் கரோல் பாகிலேதான். சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்த தமிழ்க் குமாஸ்தாக்கள் மொட்டைமாடி அறைகளிலே வாடகைக்கு இருந்துகொண்டு, ஊருக்கு மணியார்டர் அனுப்பி, பூசா ரோடில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய காலமும் இந்தத் தெருக்களுக்கு உண்டு. தேசப் பிரிவினைக்குப்பின் மேற்குப் பஞ்சாபிலிருந்து உடுத்த துணியோடு வந்த அகதிகளுக்காகப் பக்கத்தில் ராஜேந்திர நகரும் பட்டேல் நகரும் எழுந்தன. சர்க்கார் கட்டிய அந்த வீடுகள் மிகவும் சிறியவை, அலங்காரமற்றவை. ஆனால் 1954-ஆம் ஆண்டின் புனர்வாழ்வுச் சட்டம் போன்ற ஏற்பாடுகளால் அகதிகள், தவணை முறையில் பணம் கட்டியும், இழந்த சொத்துக்கு ஈடாகவும், அந்த வீட்டுக்கும் மனைக்கும் சொந்தக்காரர்கள் ஆனார்கள். பத்திரம் கையில் இருந்ததால் கடன் கிடைத்தது. கடன் கிடைத்ததால் கடை வைத்தார்கள். கடையின் லாபம் மாடியாக எழுந்தது. அஜ்மல் கான் ரோடில் இன்று நாம் காணும் செல்வத்துக்குப் பஞ்சாபியரின் உழைப்பு மட்டுமன்றி, காலடி மண் அவர்களுடையதாக எழுதிக் கொடுக்கப்பட்டதும் காரணம் என்பதை மறக்கலாகாது.

அதே கரோல் பாகிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆனந்த் பர்பத் மேடு இருக்கிறது. ஷாதிப்பூரின் கட்புத்லி காலனியில் பல பத்தாண்டுகளாக வாழ்ந்துவந்த பொம்மலாட்டக்காரர்களும் வித்தைக்காரர்களும், அவர்களுடைய இடத்திலே அடுக்குமாடி வீடு கட்டித் தருவதாகச் சொல்லி டில்லி வளர்ச்சி ஆணையம் வகுத்த திட்டத்தின் கீழ், அந்த மேட்டின்மேல் அமைந்த தற்காலிக முகாமுக்கு மாற்றப்பட்டார்கள். எஞ்சியிருந்த வீடுகள் 2017 அக்டோபரில் இடிக்கப்பட்டன. உலக நாடுகளின் மேடைகளில் இந்தியாவின் பெயரால் கழைக்கூத்தும் பொம்மலாட்டமும் ஆடிக்காட்டியவர்கள் இவர்களுள் உண்டு. அகதிக்கும் இவர்களுக்கும் உழைப்பிலே, சாமர்த்தியத்திலே குறைவில்லை. ஒருவர் கையில் பத்திரம் இருந்தது, மற்றவர் கையில் இல்லை. 2019-இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டம் டில்லியின் 1,731 அங்கீகாரமற்ற காலனிகளில் வசிப்போருக்குச் சொத்துரிமையை அங்கீகரிக்க வகை செய்தது. ஜுக்கி எனப்படும் குடிசைப் பகுதிகளுக்கு அது பொருந்தாது. தமிழ்நாட்டில் பண்ணையாளின் குடிசை நின்ற அடிமனையை அவனுக்கே உரியதாக்கிய 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போன்றதொன்று தலைநகரின் குடிசைவாசிகளுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

கிருஷ்ணம்மாள் அம்மையாரைப் போற்றிக் கூட்டம் கூட்ட நினைக்கும் டில்லித் தமிழ் ஸ்தாபனங்களுக்கு நான் செய்துகொள்ளும் விண்ணப்பம் இது: சால்வைக்கும் மாலைக்கும் ஒதுக்கும் தொகையோடு, பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகளில் சிலரை ஆனந்த் பர்பத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையும் மின்சார ரசீதும் எந்தெந்தக் குடும்பத்திடம் இருக்கிறது, எது தொலைந்தது, ஒதுக்கீட்டுப் பட்டியலில் எந்தப் பெயர் விட்டுப்போயிற்று, பெயர் இருக்கும் இடத்தில் மனைவியின் பெயரும் சேர்ந்திருக்கிறதா என்பதை வீடு வீடாகக் கேட்டு எழுதி, மனுக்களாக்கி, உரிய அதிகாரியிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கி வரட்டும்.